வீட்டுக்கும் பம்பு செட்டுக்கும் '3+1' எஸ்பிடி: டெல்டாவில் வாங்கத் தகுந்ததுதானா?

வாங்கலாம். மின்கம்பி வழியாக ஓடிவரும் சர்ஜை, அதாவது நொடிப்பொழுதில் எகிறும் வோல்டேஜ் அலையை, வீட்டுக்குள் விடாமல் எர்த்துக்குத் திருப்பிவிடும் டைப்-2 எஸ்பிடி (சர்ஜ் புரொடெக்டிவ் டிவைஸ்), காவிரி டெல்டாவில் மூன்று பேஸ் இணைப்பு வைத்திருக்கும் எவருக்கும் தேவையான சாமான். ஆனால் இந்தப் பெயரில் விற்பது ஒன்றல்ல, பல விதம். அதில் '3+1' அமைப்பில் உள்ளதைத்தான் வாங்க வேண்டும். வாங்கியதை மாட்டும்போது ஒயர் ஒரு மீட்டர் கூடிவிட்டாலே அதன் பலனில் பெரும்பகுதி போய்விடும். கம்பெனி எதுவானாலும் இது பொருந்தும். அதனால் இங்கே ஒரு கம்பெனியின் சரக்கை மட்டும் எடுத்துப் பேசாமல், 'ஐஎன் 20 கிலோ ஆம்பியர், ஐமேக்ஸ் 40 கிலோ ஆம்பியர், யூபி 1.5 கிலோவோல்ட்' என்று லேபிள் ஒட்டி, டின் ரெயிலில் (போர்டுக்குள் இருக்கும் உலோகப் பட்டை) மாட்டும்படி வரும் வகையையே எடைபோடுகிறோம். ஐஎன் என்பது பலமுறை தாங்கும் சர்ஜ், ஐமேக்ஸ் ஒருமுறை தாங்கும் உச்சம், யூபி எஸ்பிடி வெட்டிய பிறகும் மிஞ்சும் வோல்டேஜ்.

பெட்டிக்குள் இருப்பது எளிமையானது. மூன்று பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் ஆளுக்கொரு வாரிஸ்டர். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் வாயு நிரப்பிய ஒரு டிஸ்சார்ஜ் குழாய். மூன்றும் ஒன்றும் சேர்ந்துதான் 3+1. சாதாரண வோல்டேஜில் வாரிஸ்டர் மின்சாரத்தை விடாது. வோல்டேஜ் எகிறும் அந்த நொடிப்பொழுதில் வழிவிட்டு, அலை கடந்ததும் மறுபடி அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு பேஸும் தனித் தனிக் கார்ட்ரிட்ஜாக உருவி எடுக்கும்படி இருப்பது நல்லது. ஒன்று செத்தால் அதை மட்டும் மாற்றினால் போதும்.

டெல்டாவுக்கு ஏன் இது அவசியம் என்பதைக் கம்பியைப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். வெட்ட வெளியான வயல், நடுவில் வரிசையாகக் கம்பங்கள், அந்த வரிசையின் கடைசியில் ஒரு மோட்டார் கொட்டகை. சித்திரை வைகாசிக் கோடை மழையிலும், ஐப்பசிக்கு முன்பின்னாக வரும் மாலை இடியிலும் மின்னல் நேராகக் கம்பியில் இறங்க வேண்டும் என்றில்லை. கொஞ்சம் தள்ளி ஒரு தென்னையில் இறங்கினாலே பக்கத்துக் கம்பியில் பல கிலோவோல்ட் தூண்டப்படும். அந்த அலை மேல்கம்பியில் ஏறக்குறைய ஒளியின் வேகத்தில், மைக்ரோ செகண்டுக்கு 300 மீட்டர் என்ற கணக்கில், இரண்டு பக்கமும் ஓடும்.

ஓடிவரும் அலை கம்பியின் முடிவில் என்ன செய்கிறது என்பதுதான் முக்கியம். மூடிய மதகில் மோதும் தண்ணீர் மேலே எழும்புவதுபோல, திறந்த முனையில் மோதும் வோல்டேஜ் இரண்டு மடங்காகும். மோட்டார் ஓடாமல் ஸ்டார்ட்டர் ஆஃபில் இருக்கும்போது மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் அதன் கான்டாக்டர்தான் அந்தத் திறந்த முனை. 4 கிலோவோல்ட் அலை வந்தால் அங்கே 8 கிலோவோல்ட். அதனால்தான் மோட்டார் ஓடாத இரவிலும் நோ-வோல்ட் காயில் கருகுகிறது, ஆட்டோ ஸ்டார்ட்டரின் போர்டு வெடிக்கிறது, கான்டாக்டரின் இடைவெளியைத் தாண்டிப் பொறி பறந்து வைண்டிங்கில் ஓட்டை விழுகிறது. 'ஆஃப் பண்ணித்தானே வைத்திருந்தோம்' என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

லேபிளில் பெரிய எண் போட்டால் பெரிய பாதுகாப்பு என்று நம்ப வேண்டாம். மேல்கம்பியின் சர்ஜ் இம்பிடன்ஸ், அதாவது ஓடும் அலைக்குக் கம்பி காட்டும் தடை, 400 ஓம் அளவில் இருக்கும். 20 கிலோவோல்ட் தூண்டல் அலை வந்தால் எஸ்பிடி வழியாக இறங்குவது அதிகபட்சம் இரண்டு மடங்கு வோல்டேஜை 400-ஆல் வகுத்த அளவு, அதாவது 100 ஆம்பியர்தான். 30 கிலோ ஆம்பியர் மின்னல் நேராகவே கம்பியில் விழுந்தாலும், அது இரு திசையிலும் பிரிந்து நான்கு கம்பிகளிலும் பங்காகி வரும்போது கம்பிக்கு 4 கிலோ ஆம்பியரை ஒட்டித்தான் வரும். தூண்டல் அலைகளுக்கு ஐஎன் 20 என்பது தாராளம். மிச்சமிருக்கும் பலம் ஆயுளுக்குப் போகும், ஏனென்றால் ஒவ்வொரு அடியிலும் வாரிஸ்டர் கொஞ்சம் தேய்கிறது. '100 கிலோ ஆம்பியர்' என்று மட்டும் அச்சடித்து ஐஎன், யூசி (தொடர்ந்து தாங்கும் வோல்டேஜ்), யூபி எதுவும் போடாத பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஐஇசி 61643-11 என்ற தர எண்ணும், சதுரத்துக்குள் 'டி2' குறியும் இருக்க வேண்டும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. கூரையில் இடிதாங்கி வைத்த ரைஸ் மில், கோவில், மண்டபம், செல்போன் கோபுரம் ஒட்டிய கட்டடம் ஆகியவற்றுக்கு டைப்-2 மட்டும் போதாது. இடிதாங்கியில் இறங்கும் மின்னலின் ஒரு பங்கு எர்த் வழியாகத் திரும்பி மெயின் போர்டுக்குள் ஏறும். அங்கே பேஸுக்கு 12.5 கிலோ ஆம்பியர், 10/350 அலைவடிவில் (10 மைக்ரோ செகண்டில் ஏறி 350-இல் பாதியாகும் நேரடி மின்னலின் வடிவம்) சோதித்த டைப் 1+2 வாங்க வேண்டும். விலை கூடுதல்தான், ஆனால் அங்கே அதில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

இனி மாட்டும் விஷயம். காசு வீணாவது பெரும்பாலும் இங்கேதான். நேரான ஒயர் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 1 மைக்ரோ ஹென்றி. 10 கிலோ ஆம்பியர் 8 மைக்ரோ செகண்டில் ஏறினால் அந்த ஒரு மீட்டர் ஒயரில் மட்டும் 1.25 கிலோவோல்ட் விழும். போர்டின் மேல் மூலையில் மெயின், கீழ் மூலையில் எஸ்பிடி, அங்கிருந்து சுற்றிக்கொண்டு எர்த் பாருக்கு ஒரு பச்சை ஒயர் என்று மொத்தம் ஒன்றரை மீட்டர் போட்டுவிட்டால், பெட்டியின் 1.5 கிலோவோல்ட்டோடு ஒயரின் 1.9 சேர்ந்து உங்கள் சாமானுக்கு 3.4 கிலோவோல்ட் போகும். டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் வகையறா தாங்க வேண்டிய அளவு 2.5 கிலோவோல்ட். ஆகவே பேஸிலிருந்து எஸ்பிடி, எஸ்பிடியிலிருந்து எர்த் பார் இரண்டையும் கூட்டினாலும் அரை மீட்டரைத் தாண்டக் கூடாது. அழகுக்காக ஒயரைச் சுருட்டிக் கட்டுவது, சேனலுக்குள் சுற்றிக் கொண்டுபோவது இரண்டும் வேண்டாம். ஒயரைத் தடிமனாக்கினால் இது சரியாகாது. நீளத்தைக் குறைப்பது ஒன்றே வழி.

நீளத்தை ஏறக்குறைய இல்லாமலே செய்ய ஒரு முறை உண்டு. வரும் ஒயர் முதலில் எஸ்பிடியின் திருகைத் தொட்டு, அதே திருகிலிருந்து மெயினுக்குப் போகட்டும். ஆங்கில வி எழுத்துபோல வந்து திரும்பும். நல்ல மாடல்களில் இதற்காகவே இரட்டை ஒயர் பிடிக்கும் திருகு இருக்கும். ஆனால் லேபிளில் போட்டிருக்கும் பேக்கப் பியூஸ் (எஸ்பிடிக்கு முன்னால் இருக்கலாம் என்று அனுமதித்த உச்ச பியூஸ்) அளவுக்குள் உங்கள் மெயின் பியூஸ் இருந்தால் மட்டும்தான் இப்படிச் செய்யலாம். இந்த வகையில் அது பொதுவாக 125 ஆம்பியர் ஜிஜி (பொதுப் பயன்பாட்டுப் பியூஸ் வகை), வீட்டு மெயினோ 40 அல்லது 63. இதில் ஒரு குறையும் உண்டு: எஸ்பிடி ஷார்ட்டாகிச் செத்தால் வீடு முழுக்க இருட்டாகும். அது வேண்டாமென்றால் எஸ்பிடிக்குத் தனிப் பியூஸ் போட்டுக் கிளையாக எடுக்கலாம், அரை மீட்டர் கணக்கை மறக்காமல். தனி எம்சிபி போடுகிறவர்கள் 6, 10 ஆம்பியர் போடுவதைப் பார்க்கிறோம். பெரிய சர்ஜ் வந்த நொடியில் அது விழுந்துவிடும். அடுத்த அலைக்கு எஸ்பிடி லைனில் இருக்காது, யாருக்கும் தெரியவும் தெரியாது. எர்த் ஒயர் 6 சதுர மி.மீ. செம்புக்குக் குறையக் கூடாது, 10 போட்டால் நிம்மதி. கசிவு மின்சாரம் கண்டதும் துண்டிக்கும் ஆர்சிசிபிக்கு முன்னால்தான் எஸ்பிடி வர வேண்டும். பின்னால் போட்டால் ஒவ்வொரு இடிக்கும் ஆர்சிசிபி விழும், சில சமயம் ஆர்சிசிபியே கெட்டுப்போகும்.

மெயின் போர்டில் ஒன்று போட்டுவிட்டோம், தோட்டத்து மோட்டாருக்கும் அதுவே போதும் என்று நினைப்பது சரிவராது. எஸ்பிடியிலிருந்து கேபிள் வழியில் 10 மீட்டருக்குள் இருக்கும் சாமானுக்குத்தான் முழுப் பாதுகாப்பு. அதைத் தாண்டினால் எஸ்பிடி வெட்டிவிட்ட 1.5 கிலோவோல்ட் மிச்ச அலை கேபிளுக்குள் ஓடி, மறுமுனையில் மீண்டும் இரட்டிக்கும். கேபிளில் வேகம் மைக்ரோ செகண்டுக்கு 150 மீட்டர் என்று வையுங்கள். 10 மீட்டரில் அலை போய்த் திரும்ப 0.13 மைக்ரோ செகண்ட்தான். முனையில் வோல்டேஜ் ஏறுவதற்குள் எஸ்பிடியின் தணிப்பு வந்து சேர்ந்துவிடும். 100 மீட்டரில் 1.3 மைக்ரோ செகண்ட் ஆகும். அதற்குள் முனை முழு இரட்டிப்பான 3 கிலோவோல்ட்டை எட்டிவிடும். வீட்டுக்கு ஒன்று, மோட்டார் கொட்டகைக்கு ஒன்று என்று இரண்டாக வாங்கத்தான் வேண்டும்.

'எங்கள் தெருவில் புதைவடம்தான், எங்களுக்கு இது எதற்கு' என்று கேட்பவர்கள் உண்டு. தேரோடும் வீதியில் மேல்கம்பியை எடுத்துவிட்டுப் புதைவடம் போட்டால் விபத்து குறையும், அதில் சந்தேகமில்லை. சர்ஜுக்கு மட்டும் அது முழு மருந்தாகாது. கேபிளின் சர்ஜ் இம்பிடன்ஸ் 40 ஓம் அளவு, மேல்கம்பி 400. கம்பியிலிருந்து கேபிளுக்குள் நுழையும்போது அலை 18 சதவீதமாகச் சிறுக்கும், இது உண்மை. ஆனால் மறுமுனையில் டிரான்ஸ்பார்மரில் மோதி 36 ஆகும். திரும்பிவந்து கம்பிச் சந்தியில் மோதி, 82 சதவீதம் மறுபடி உள்ளேயே திருப்பப்படும். இப்படி மாறி மாறி அடுக்கிக்கொண்டே போகும். 100 மீட்டர் கேபிளில் ஐந்து முறை போய்வர 6 மைக்ரோ செகண்டுக்குச் சற்று அதிகம், அதற்குள் டிரான்ஸ்பார்மர் முனையில் வந்த அலையைப்போல 1.27 மடங்கு சேர்ந்துவிடும். அலையின் வால் நீண்டிருந்தால் இரண்டு மடங்கை நோக்கிப் போகும். கேபிள் நீளமாக இருந்தால் இது மெதுவாக நடக்கும், குட்டையாக இருந்தால் கேபிளே இல்லாததுபோல நடக்கும். ஊரின் நடுவில் நாலு கம்பம் தூரத்துக்கு மட்டும் கேபிள், இரண்டு பக்கமும் மேல்கம்பி என்ற அமைப்பில் கேபிள் முனைகள் இரண்டிலும் அரெஸ்டர் (கம்பத்தில் வைக்கும் பெரிய சர்ஜ் தடுப்பான்) இருந்தாக வேண்டும். கேபிளின் உலோக உறையும் அரெஸ்டரின் எர்த்தும் அந்த இடத்திலேயே சேர்ந்திருக்க வேண்டும். ஒரு முனையில் மட்டும் வைத்தால் மறுமுனையின் கேபிள் பாக்ஸ்தான் பலியாகும்.

இதே கணக்கு வீட்டு சர்வீஸுக்கும் பொருந்தும். கம்பத்திலிருந்து மீட்டர்வரை 20 மீட்டர் ஆர்மர்டு கேபிளைப் பூமிக்குள் இறக்கியிருப்பது பாதுகாப்பாகாது. எஸ்பிடி வேண்டும்.

மின்வாரியத்தின் பங்கு கம்பத்தில் இருக்கிறது. டிரான்ஸ்பார்மரின் 11 கிலோவோல்ட் பக்கம் 9 கிலோவோல்ட், 5 கிலோ ஆம்பியர் அரெஸ்டர் மூன்று இருக்கும். கீழே நின்றபடியே அண்ணாந்து பாருங்கள். ஜம்பர் அறுந்து தொங்கினாலோ, பீங்கான் விரிந்திருந்தாலோ, அடியில் உள்ள எர்த் பட்டை திருடுபோயிருந்தாலோ அந்த அரெஸ்டர் வேலை செய்யவில்லை என்று பொருள். பிரிவு அலுவலகத்திலோ மின்னகத்தின் 94987 94987 எண்ணிலோ புகார் பதியுங்கள். கம்பத்தை யாரும் தொட வேண்டாம். மேலே அது செத்துக் கிடந்தால் கீழே உங்கள் எஸ்பிடி சீக்கிரம் தேயும்.

ஏன் 3+1 என்று பிடிவாதம்? நம் ஊர் இணைப்புகளில் நியூட்ரல் டிரான்ஸ்பார்மரில் எர்த் ஆகிறது, வீட்டு எர்த்தோ வீட்டுக் கொல்லையில் தனிப் பைப். கடையில் '4+0' என்று நான்கும் வாரிஸ்டராக, நான்கும் நேராக எர்த்துக்குப் போகும் பெட்டியும் கிடைக்கும். அதில் பேஸ் வாரிஸ்டர் ஒன்று ஷார்ட்டாகி, உள்ளே இருக்கும் வெப்பத் துண்டிப்பும் விலகாமல் போனால், மின்சாரம் உங்கள் எர்த் பைப் வழியாக மண்ணுக்குள் போய் டிரான்ஸ்பார்மருக்குத் திரும்பும். இரண்டு எர்த்தும் 5 ஓம் என்றால் 23 ஆம்பியர்தான் ஓடும். 63 ஆம்பியர் பியூஸ் அதற்கு அசையாது. எர்த் பைப்பும் அதோடு சேர்ந்த மோட்டார் பாடி, கிரைண்டர் பாடி எல்லாமும் 115 வோல்ட்டில் நிற்கும். நடவு நேரத்துச் சேற்றில் வெறுங்காலோடு நிற்கும் ஆளுக்கும் கட்டியிருக்கும் மாட்டுக்கும் அது உயிர்ப் பிரச்சினை. 3+1-இல் வாரிஸ்டர் செத்தால் பேஸும் நியூட்ரலும் ஷார்ட், பியூஸ் உடனே போகும், எர்த் சுத்தமாக இருக்கும். மற்ற எந்தக் காரணமும் இல்லாவிட்டாலும் இதற்காகவே 4+0-ஐ நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

பம்பு செட்டில் மாட்டும்போது நியூட்ரல் உண்மையிலேயே ஸ்டார்ட்டர்வரை வருகிறதா என்று பாருங்கள். கொட்டகையில் பல்பு எரிகிறதே என்று நம்பிவிடக் கூடாது, சில இடங்களில் அது பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் எரியும். இரண்டு பேஸில் ஓட்டக் கண்டென்சர் வைத்திருந்தால் எஸ்பிடி அதற்கு முன்னால், லைன் பக்கம் இருக்கட்டும். கண்டென்சர் ஓட்டத்தில் மூன்றாவது பேஸின் வோல்டேஜ் சுமைக்கேற்ப ஏறி இறங்கும், அதை வாரிஸ்டர் தலையில் கட்ட வேண்டாம். நீர்மூழ்கி மோட்டாருக்குக் கூடுதல் கவனம் தேவை. அது தண்ணீரிலேயே உட்கார்ந்திருப்பதால் சுற்றுவட்டாரத்திலேயே நல்ல எர்த் அந்த மோட்டார்தான். சர்ஜ் வைண்டிங்கைத் துளைத்து அங்கே போகப் பார்க்கும். எஸ்பிடியின் எர்த்தை இரும்புக் கேசிங்கோடும், கேசிங் பிவிசி என்றால் மோட்டார் பாடியிலிருந்து மேலே வரும் எர்த் ஒயரோடும் சேர்த்துவிட வேண்டும். இந்த இணைப்பு இல்லாமல் எஸ்பிடி மட்டும் மாட்டினால் மோட்டார் தப்பாது.

எர்த் பற்றி இரண்டு விஷயம். 40 மி.மீ. ஜி.ஐ. பைப், 2.5 மீட்டருக்குக் குறையாத நீளம் என்பது வழக்கம். டெல்டாக் களிமண் ஈரமாக இருக்கும்போது அருமையான எர்த். மேட்டூர் மூடி வயல் காய்ந்து வெடிப்பு விடும் மாதங்களில் பைப்பைச் சுற்றி இடைவெளி விழுந்து ஓம் ஏறிவிடும். எர்த் டெஸ்டர் வைப்பதானால் அந்தக் கோடையில் வைத்துப் பாருங்கள், கார்த்திகையில் எடுத்த அளவு ஏமாற்றும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்பு மண்ணில் ஓம் குறைவாகவே காட்டும், ஆனால் கிளாம்பும் போல்ட்டும் துருவால் தின்னப்பட்டுவிடும். அங்கே செம்பு பூசிய ராடும், வருடத்துக்கு ஒருமுறை கிளாம்பைக் கழற்றிச் சுரண்டி கிரீஸ் தடவுவதும் கட்டாயம்.

அதைவிட முக்கியம், வீட்டில் இருக்கும் எர்த் எல்லாம் ஒரே பாரில் சேர்ந்திருப்பது. 1 கிலோ ஆம்பியர் 5 ஓம் பைப்பில் இறங்கினால் அந்தப் பைப்பே 5 கிலோவோல்ட்டுக்கு ஏறும். எல்லாச் சாமானும் சேர்ந்தே ஏறினால் ஒன்றும் ஆகாது. டிஷ் ஆன்டெனாவுக்கோ சோலார் இன்வெர்ட்டருக்கோ தனிப் பைப் போட்டு, அதை மெயின் எர்த்தோடு சேர்க்காமல் விட்டிருந்தால் அந்த 5 கிலோவோல்ட் டிவிக்குள், இன்வெர்ட்டருக்குள் தான் வெடிக்கும்.

இந்தப் பெட்டியால் ஆகாதது ஒன்று உண்டு, கடையில் அதைச் சொல்ல மாட்டார்கள். நியூட்ரல் அறுந்தால் இது காப்பாற்றாது. டெல்டாவில் மிக்சி, ஃபேன், டிவி கூட்டமாகக் கருகுவதற்குப் பெரிய காரணம் அதுதான். 2018 நவம்பர் 16 கஜா புயல் போன்ற பெரிய அழிவு வேண்டாம், ஒரு மட்டை விழுந்து நியூட்ரல் மட்டும் அறுந்தாலே போதும், சுமை குறைந்த பேஸில் இருக்கும் வீடுகளில் 230-க்குப் பதில் 400-ஐ நோக்கி வோல்டேஜ் ஏறும். சர்ஜ் மைக்ரோ செகண்ட் சமாச்சாரம், இதுவோ நிமிடக் கணக்கில் நிற்கும். யூசி 320 வோல்ட் கார்ட்ரிட்ஜில் இருக்கும் வாரிஸ்டர் 510 வோல்ட்டில் வழிவிடத் தொடங்கும் வகை. 415 வோல்ட்டின் உச்சம் 587. ஆகவே அது சூடேறி, வெப்பத் துண்டிப்பு விலகி, கார்ட்ரிட்ஜின் சிறு ஜன்னலில் சிவப்புக் காட்டிவிட்டு ஓய்ந்துவிடும். யூசி 385 வகை 620-இல் தொடங்குவதால் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும், ஆனால் அதன் யூபி சற்று அதிகம். லைன் ஒழுங்காக இருக்கும் டவுன் வீட்டுக்கு 320, நியூட்ரல் அடிக்கடி சண்டித்தனம் செய்யும் கடைக்கோடிக் கிராமத்துக்கு 385 என்று பிரித்துக்கொள்ளலாம். 275-ஐ இங்கே தொட வேண்டாம். எதை வாங்கினாலும், எஸ்பிடிக்குப் பின்னால் ஓவர் வோல்டேஜ் கட்-ஆஃப் ரிலேயும் கான்டாக்டரும் சேர்த்துப் போட்டால்தான் நியூட்ரல் பிரச்சினைக்கு விடிவு.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் வரும் 'ஸ்பைக் கார்டு' இதற்கு மாற்றாகாது. உள்ளே காசு அளவில் ஒரு வாரிஸ்டர், பேஸுக்கும் நியூட்ரலுக்கும் மட்டும். மெயினில் எஸ்பிடி இருந்து, தொலைவில் உள்ள கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் இதையும் போட்டால் பயன் உண்டு. தனியாகப் போட்டால் முதல் பெரிய அலையிலேயே முடிந்துவிடும், பாக்ஸின் விளக்கோ வழக்கம்போல எரிந்துகொண்டிருக்கும்.

விலை நான்கு கார்ட்ரிட்ஜ் செட்டுக்குச் சில ஆயிரம் ரூபாய். ஒரு மோட்டார் ரீவைண்டிங் செலவோடு ஒப்பிட்டால் தயங்க ஒன்றுமில்லை. வாங்கும்போதே பேஸ் கார்ட்ரிட்ஜ் ஒன்றைத் தனியாக வாங்கி வையுங்கள், மாடல் மாறிவிட்டால் பிறகு பொருந்தாது.

மாட்டிய பின் பெரிய வேலை இல்லை. ஒவ்வொரு இடிமழைக்குப் பிறகும் கார்ட்ரிட்ஜில் நிறம் காட்டும் ஜன்னலைப் பாருங்கள். பச்சை இருந்தால் சரி, சிவப்பு வந்தால் கார்ட்ரிட்ஜ் மாற்ற வேண்டும். நியூட்ரல்–எர்த் குழாய்க்குச் சில மாடல்களில் ஜன்னலே கிடையாது, பேஸ் கார்ட்ரிட்ஜ் இரண்டு போயிருந்தால் அதையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது. சிவப்பு வந்தும் வீட்டில் மின்சாரம் வழக்கம்போல இருக்கும் என்பதால் மாதக் கணக்கில் கவனிக்காமல் விடுகிறார்கள். போர்டு கதவைத் திறக்காமலே தெரியும் இடத்தில் ஜன்னல் வரும்படி மாட்டச் சொல்லுங்கள். ஒயர்மேன் 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷன் சோதிக்கும் கருவி) வைத்து ஒயரிங் சோதிக்க வந்தால் நான்கு கார்ட்ரிட்ஜையும் உருவிவிட்டுச் சோதிக்க வேண்டும். இல்லாவிட்டால் நல்ல ஒயரிங்கும் லீக்கேஜ் என்று காட்டும். சோதனை முடிந்ததும் நான்கையும் 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தி உள்ளே மாட்டியாயிற்றா என்று நீங்களே ஒருமுறை பாருங்கள்.